மோட்டார் போடாத காலை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதத்தில் நடந்தது இது. வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில், இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டர்தான் சொன்னதே தவிர, வெயிலுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலும் சுடுகாற்றுதான் சுற்றிச் சுற்றி வரும்.

அதற்கு முந்தைய மாதம்தான் எனக்கு வேலை போயிருந்தது. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடுகிற வேலை. முதலாளி யார்டையே ஸ்ரீபெரும்புதூர் தாண்டி எங்கேயோ மாற்றிவிட்டார். அவ்வளவு தூரம் போய்வர எனக்கு வழியில்லை. மகளுக்கு வீசிங். காற்றில் தூசி கொஞ்சம் கூடினாலும் ஸ்கூலிலிருந்து போன் வரும், போட்டது போட்டபடி ஓட வேண்டும். கணவருக்கு பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டி கழுவும் கான்ட்ராக்ட் வேலை. தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனுஷர் போனை எங்கே எடுப்பது? ஆகையால் ஓடுகிற ஆள் எப்போதும் நான்தான்.

எண்ணூர் யார்டைக் காலி செய்தபோது, பழைய கம்ப்யூட்டர்களை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்றவர்கள் எது புதுசு, எது நல்லது என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். நான் என் மேஜையில் இருந்ததையே கேட்டு வாங்கினேன். வருஷக்கணக்காக நான் தட்டித் தட்டி ‘ஏ’ எழுத்து அழிந்துபோன அதே கீபோர்டு. ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, குழந்தையாட்டம் புடிச்சிகினு வர்றியே என்று டிரைவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டரை நம்பித்தான் வீட்டிலிருந்தே செய்கிற ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன். பொருள் வாங்கியவர்கள் தமிழில் அனுப்பும் புகார்களுக்குத் தமிழிலேயே பதில் டைப் செய்ய வேண்டும். யாரிடமும் முகம் கொடுத்துச் சண்டை போட வேண்டியதில்லை, மகளுக்கு மூச்சு இழுத்தால் பக்கத்தில் இருக்கலாம். எனக்கென்றே செய்தது மாதிரி ஒரு வேலை. வீட்டிலிருந்து செய்யும் வேலை என்பதால் தேர்வும் வீட்டிலிருந்தே எழுத வேண்டும் என்றார்கள். காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை கேமரா முன்னால் உட்கார வேண்டும். நடுவில் எழுந்து போகக் கூடாது. கம்ப்யூட்டர் ஒரே ஒரு தடவை அணைந்தாலும் தேர்வு அத்தோடு முடிந்தது, மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

அந்தக் கடைசி விதியை மறுபடி மறுபடி படித்தேன். ஏனென்றால் என் செல்லக் கம்ப்யூட்டர், வீட்டுக்கு வந்த நாள் முதலாக, தனக்கு இஷ்டப்பட்டபோதெல்லாம் அணைந்துகொண்டிருந்தது.

நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று ‘டுப்’ என்று ஒரு சத்தம், திரை கறுத்துவிடும். பிறகு தானாகவே உயிர் வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி முதலிலிருந்து ஆரம்பிக்கும். சில நாள் காலையில் ஆறு மணிக்கு, சில நாள் எட்டரைக்கு, சில நாள் மதியத்தில். சில நாள் ஒரு தொந்தரவும் இருக்காது. கரன்ட் போயிருக்குமோ என்று மேலே பார்த்தால் ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

மூலக்கடைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர் உண்டு. தூத்துக்குடிக்காரர், பொறுமைசாலி. முதல் தடவை ரேமைக் கழற்றி பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டிக் கொடுத்தார். இரண்டாவது தடவை உள்ளே இருந்த தூசியை ஊதினார். ஒரு ஆழாக்கு சாம்பல் வந்தது, எண்ணூர் அனல் மின் நிலையத்துக் காற்று அப்படி. மூன்றாவது தடவை, உள்ளே கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியையே மாற்றினார். ஒவ்வொரு முறையும் அவர் கடையில் நாள் முழுக்க அது சமர்த்தாக ஓடும். டாக்டரைப் பார்த்ததும் ஜுரம் விட்டுவிடுகிற பிள்ளை மாதிரி. "ஏக்கா, மெஷின்ல ஒரு கோளாறும் இல்லக்கா. உங்க வீட்டுக்கு வந்தா மட்டும் சண்டித்தனம் பண்ணுதுன்னா நான் என்ன செய்ய?" என்று கடைசியில் கையை விரித்துவிட்டார். ஒரு யுபிஎஸ் வாங்கி வைத்துப் பாருங்கள் என்றும் சொன்னார். கரன்ட் போனால்தானே யுபிஎஸ், இங்கேதான் கரன்ட் போகவே இல்லையே என்று எனக்குத் தோன்றியது. இருந்ததையெல்லாம் அந்தப் பெட்டிக்கே செலவழித்தாகிவிட்டது வேறு.

எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டில் நடப்பது மற்ற பதினொரு வீட்டுக்கும் தெரியாமல் இருக்காது. என் கம்ப்யூட்டரின் நோயும் அப்படித்தான் எல்லோருக்கும் சொந்தமானது. மூன்றாவது மாடி அண்ணன் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். அவ்வளவு பெரிய மெஷினையே மேய்க்கிற மனுஷருக்கு இந்தச் சின்ன மெஷின் அடங்க மறுப்பது மானப் பிரச்சினையாகிவிட்டது. எல்லாம் சூடுதான், கிரேனே சூடானால் நின்றுவிடும், இது சோப்பு டப்பா சைஸ், எம்மாத்திரம் என்பது அவர் கட்சி. பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, தன் வீட்டு டேபிள் ஃபேனை எடுத்து வந்து அதற்கு நேராக வைத்துவிட்டுப் போனார். எங்களுக்குக் காற்று இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் குளுகுளுவென்று இருந்தது. அப்படியும் ‘டுப்’.

கீழ் வீட்டு அக்காவுக்கு வேறு கட்சி. அவர் பிளாக் வாசலில் இட்லிக் கடை போடுகிறவர். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று, நான் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், மானிட்டரைச் சுற்றி மிளகாய் சுற்றிப்போட்டார். நெடி தாங்காமல் மகளுக்குத்தான் இருமல் வந்தது. அன்றைக்கு அக்கா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் சாயங்காலம் மகளுக்கென்று தூதுவளை ரசம் வைத்து எடுத்து வந்து நிற்கிறவரிடம் எத்தனை நேரம் கோபப்பட முடியும்?

எங்கள் பிளாக் தண்ணீரையும் அந்த அக்காதான் பார்த்துக்கொள்வார். தெருக் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கீழே தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் விழும். அங்கிருந்து மோட்டார் போட்டு மொட்டை மாடி டேங்க்குக்கு ஏற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு வீடு முறை என்று பேச்சு. ஆனால் எல்லோருக்கும் முன்னால் எழுகிறவர் அக்காதான் என்பதால், எல்லா வாரமும் அவர் முறையாகவே ஆகிவிட்டது. மோட்டாரைப் போட்டதும் கீழே இருந்தபடியே, "மேல தண்ணி ஏறுதா?" என்று ஒரு சத்தம் கொடுப்பார். ஒவ்வொரு மாடியிலும் யாராவது குழாயைத் திறந்து பார்த்து, ஏறுது என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், காற்று அடைத்துக்கொண்டது என்று நினைத்து மோட்டாரை நிறுத்திவிடுவார்.

தேர்வு நாள் வந்தது. விடிந்தும் விடியாமலும் எழுந்து, சமையலை முடித்து, மகளைத் தயார் செய்து, கணவரோடு ஸ்கூலுக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, ஆறரை மணி வாக்கில் கம்ப்யூட்டரைப் போட்டு ஒத்திகை பார்த்தேன். கேமரா சரி, நெட் சரி. மனசுக்குள் எல்லா சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு டைப் செய்ய ஆரம்பித்தேன். ‘டுப்.’

அப்படியே தலையில் கைவைத்துக்கொண்டேன். அதே நேரத்தில் கீழே இருந்து, "மேல தண்ணி ஏறுதா?"

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இந்த அக்கா ஒருத்தி, எனக்கு உயிர் போகிற நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுவாள், முந்தாநாளும் இப்படித்தான், அதற்கு முன்னாலும் இப்படித்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே குழாயைத் திறக்கப் போனேன். குழாயில் கை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். முந்தாநாளும் இப்படித்தான். அதற்கு முன்னாலும் இப்படித்தான்.

பால்கனிக்கு ஓடி, மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். கம்ப்யூட்டர் உயிர் பெற்று முழுசாக நிற்கும் வரை காத்திருந்து, இப்போது போடுங்கள் என்றேன். கீழே மோட்டார் உறுமிய அதே நொடியில் இங்கே ‘டுப்’. மூன்றாவது மாடி அண்ணன் என் குரலைக் கேட்டு இறங்கி வந்துவிட்டார். அவரே கீழே போய் சுவிட்சைப் பிடித்துக்கொண்டார், அக்கா மாவுக் கையோடு மேலே வந்து என் பக்கத்தில் நின்றார். போட்டோம், நிறுத்தினோம், மறுபடி போட்டோம். ஒவ்வொரு தடவையும் சொல்லிவைத்த மாதிரி அணைந்தது. மோட்டார் கிளம்பும்போது கரன்ட் ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்குத் தாழ்ந்துபோகிறது. ஃபேனுக்கு அது உறைக்கவே இல்லை, என் கம்ப்யூட்டருக்கு மட்டும் மூச்சு நின்றுவிடுகிறது. தெருவில் தண்ணீர் வருகிற நேரம் நாளுக்கு நாள் மாறும், அதனால்தான் நோயும் நேரம் தப்பி வந்திருக்கிறது.

நானும் அண்ணனும் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தோம். அக்கா மட்டும் மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தினி நாளும் நான்தான் இத்த கொன்னுகினு இருந்தனா?" என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

சந்தோஷம் எனக்கும் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. முந்தின நாள் தண்ணீர் வரவில்லை, மாடி டேங்க் காலி. சம்ப்பில் அப்போதுதான் விழ ஆரம்பித்திருந்தது, கால்வாசிகூட இல்லை. நூல் மாதிரி விழுகிற தண்ணீரை எட்டு மணிக்குள் ஏற்றி முடிக்க வழியே கிடையாது. எட்டிலிருந்து பத்து வரைதான் எங்கள் பிளாக்கில் வேலைக்குப் போகிறவர்களும் ஸ்கூலுக்குப் போகிறவர்களும் குளித்து, சமைத்து, கிளம்புகிற நேரம். ஒருத்தியின் வேலைக்காகப் பன்னிரண்டு வீட்டின் தண்ணீரை நிறுத்துங்கள் என்று எந்த வாயால் கேட்பது? பரவாயில்லை அக்கா, நீங்கள் மோட்டாரைப் போடுங்கள், வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"யம்மா, நீ கம்முனு போய் குந்து. தண்ணி மேட்டர நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா என் பதிலுக்குக்கூட நிற்காமல் இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு மணிக்குத் தேர்வு ஆரம்பித்தது. கேமராவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி, என்னையே பார்த்தபடி. முதல் பத்து நிமிஷம் என் காது முழுக்க மோட்டார் சத்தத்துக்காகத்தான் காத்துக்கிடந்தது. வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கை ஓட ஆரம்பித்தது. புடவையில் சாயம் போன ஒருவருக்கு வருத்தம் தெரிவித்தேன், மிக்ஸி ஜார் உடைந்து வந்த ஒருவரைச் சமாதானப்படுத்தினேன்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. மோட்டார் மட்டுமில்லை, பிளாக்கில் எந்தச் சத்தமுமே இல்லை. எதிர்வீட்டு டிவி இல்லை. மிக்ஸி, கிரைண்டர் எதுவும் இல்லை. காலை எட்டரைக்கு எங்கள் பிளாக் அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. மாடிப்படியில் மட்டும் காலடிச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. நிறையக் கால்கள், ஆனால் மெதுவாக. ஏதோ ஒரு பாத்திரம் ‘ணங்’ என்று இடித்தது, உடனே யாரோ ‘ஷ்’ என்று அடக்கினார்கள். எனக்குப் பகீர் என்றது. யாரோ தவறிவிட்டார்கள் போலிருக்கிறது, என் தேர்வு முடியட்டும் என்று சொல்லாமல் இருக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டேன். எழுந்து பார்க்கவும் முடியாது. அந்தப் பயத்தோடுதான் மீதித் தேர்வை எழுதினேன்.

பத்து மணிக்கு, தேர்வு நிறைவடைந்தது என்று திரையில் வந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

மாடிப்படி மேலிருந்து கீழ் வரை ஒரே ஈரம். அண்ணன் தோளில் ஒரு குடத்தோடு மேலே ஏறிக்கொண்டிருந்தார். யூனிஃபார்ம் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஷிப்டுக்கு லேட்டாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நின்றிருக்கிறார். அவருக்குப் பின்னால் பெண்கள் வரிசையாகக் குடமும் வாளியுமாக வந்துகொண்டிருந்தார்கள். சம்ப்பில் கயிறு கட்டி இறைத்து, மூன்று மாடிக்கும் வீடு வீடாகச் சுமந்திருக்கிறார்கள்.

ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. திறந்திருந்த கதவுகள் வழியாகப் பார்த்தால் எல்லா வீடும் இருட்டாக இருந்தது. ஒரு வீட்டிலும் ஃபேன் சுற்றவில்லை. நாலு படி இறங்கினேன். முதல் மாடியில், பிரசவம் முடிந்து தாய் வீட்டுக்கு வந்திருந்த பெண் வாசற்படியில் உட்கார்ந்து, கைக்குழந்தைக்கு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

கரன்ட் இல்லையா, எனக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்டேன். கீழே இருந்து அக்கா ஏறி வந்தார்.

"கரன்ட்டு எல்லா வூட்டுக்கும் பிரிஞ்சி பிரிஞ்சி போவுதுல்ல, அதான் உனுக்குப் பத்தாம கீது. வூட்டுக்கு வூடு மெயின எறக்கிட்டோம். மொத்த கரன்ட்டும் உனுக்கே வரட்டும்னு" என்றார். ஏதோ குழாய் அடைப்பை எடுத்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

மோட்டாரை மட்டும் நிறுத்தியிருந்தால் போதும். ஃபேன் ஓடினால் என்ன, டிவி பார்த்தால் என்ன, மிக்ஸியைப் போட்டால் என்ன, என் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் புழுக்கத்தில் அத்தனை குடும்பமும் வெந்து உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அக்காவின் கடையில் அன்றைக்கு இட்லிக்குச் சட்னி கிடையாது, மிக்ஸி போடக் கூடாதே. வந்தவர்களுக்கெல்லாம் பொடியும் எண்ணெயும்தான். முணுமுணுத்தவர்களை, எங்க பிளாக் பொண்ணு பரீட்சை எழுதுது, பொடி தின்னா செத்தா போய்டுவ என்று அக்கா விரட்டியதாக அண்ணன் பிறகு சொன்னார்.

"ஒயுங்கா எய்துனியா?" என்று கேட்டார் அக்கா. தலையை ஆட்டினேன். அதற்குமேல் முடியவில்லை, அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன். என் முதுகைத் தட்டிக்கொண்டே, மெயினைப் போடுங்க என்று அவர் மேலேயும் கீழேயும் குரல் கொடுத்தார். ஒவ்வொரு வீடாக வெளிச்சம் வந்தது.

அடுத்த வாரம் தேறிவிட்டதாக மெயில் வந்தது. அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். சர்வீஸ் கடைக்காரர் கடனுக்கு ஒரு யுபிஎஸ்ஸைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, நடந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மோட்டார் ஒன்றுதான் காரணம், மற்ற வீட்டு ஃபேனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று விளக்கினார். கணவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, போய் அக்காவிடம் சொல்லட்டுமா என்று எழுந்தார். வாயைத் திறந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று உட்கார வைத்தேன்.

அக்கா இன்றைக்கும் மோட்டார் போடும் முன்னால் என் வீட்டுப் பக்கம் பார்த்து, "போடட்டா?" என்று ஒரு வார்த்தை கேட்கிறார். யுபிஎஸ் இருக்கிறது, கேட்க வேண்டாம் என்று பல தடவை சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இப்போது நானும் சொல்வதில்லை. போடுங்கக்கா என்று குரல் கொடுத்துவிடுகிறேன்.

இட்லிக் கடைக்குப் புதிதாக வருகிறவர்களிடம், எங்க பிளாக் கரன்ட்டு மொத்தமும் குடுத்துதான் அந்தப் பொண்ணு பாஸாச்சு என்று அவர் பெருமையடிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருதடவைகூட நான் திருத்தியதில்லை. உண்மையைச் சொன்னால், அதில் திருத்த என்ன இருக்கிறது என்றும் எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் டைப் செய்த ஒவ்வொரு வரியும், அத்தனை பேரும் வேர்வையில் உட்கார்ந்து எனக்குக் கொடுத்ததுதான் என்று இன்றுவரை நம்புகிறேன்.